பைபர் படகில் பழைய ஸ்டிக்கர், பிசினாகிப் போன பசை: எதை வைத்து எடுப்பது?

புதுவத்தை (தூத்துக்குடி) · ஏப்ரல் 22, காலை 7:10

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் பக்கத்து ஊர்ல ஒருத்தர்ட்ட 28 அடி பைபர் படகு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். உடம்பு நல்லா இருக்கு, எங்கயும் வெடிப்பு இல்ல. ஆனா படகு பூரா ஸ்டிக்கர். அணியத்துல (படகோட முன்பக்கம்) ரெண்டு பக்கமும் "கடல்ராணி"ன்னு ஒரு முழ உயரத்துக்கு ரேடியம் எழுத்து. அதுக்குக் கீழ படகு நீளத்துக்கும் ரெண்டு சிவப்புக் கோடு. பின்னால ஒரு நடிகர் படம் (யாருன்னு கேக்காதீங்க, பேச்சு வேற பக்கம் போயிரும்). எஞ்சின் கம்பெனி ஸ்டிக்கர் நாலு. உள்பக்கம் அந்தோணியார் படம் ஒண்ணு.

எட்டு ஒன்பது வருஷ வெயில் பாத்த ஸ்டிக்கர். நகத்தால சொரண்டினா வெங்காயச் சருகு மாதிரி துணுக்குத் துணுக்கா வருது. நேத்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உக்காந்து "க" எழுத்து ஒண்ணுதான் எடுத்தேன். எடுத்த இடத்துல பழுப்பா பசை, தொட்டா கை ஒட்டுது.

அந்த இடத்துல மகள் பேர் எழுதணும். பெயின்டர் "பசை சுத்தமா போனாத்தான் பிரஷ்ஷைத் தொடுவேன்"ங்கிறார். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஓடுறதால ஜூன் 14 வரைக்கும் அவருக்குக் கை ஓயாது. மே 2-ஆம் தேதி எனக்குன்னு ஒதுக்கியிருக்கார், அதை விட்டா அவ்வளவுதான். பத்து நாள் இருக்கு. என்ன பண்ணலாம்?

---

அலைமேல்நுரை · ஏப்ரல் 22, காலை 7:31

தின்னர் வாங்கி ஊத்தித் துடைங்க பாஸ். அஞ்சு நிமிஷ வேலை.

---

பட்டறைக்காரன் (நாகப்பட்டினம்) · ஏப்ரல் 22, காலை 9:45

மேல சொன்னதைச் செய்யாதீங்க தம்பி. அஞ்சு நிமிஷத்துல முடியும், அது உண்மை. ஸ்டிக்கர் முடியுமா படகு முடியுமாங்கிறதுதான் கேள்வி. 20 வருஷமா பைபர் பட்டறையில கிடக்கிறேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முதல் வேலை, உங்க படகு மேல இருக்கிறது ஜெல்கோட்டா, பெயின்டான்னு பாக்கணும். அச்சுல இருந்து வரும்போது வெளித்தோலா இருக்கிறது ஜெல்கோட். அரை மில்லி கனம், அவ்வளவுதான். கை மாறின படகுல அது மேல எனாமல் பெயின்ட் ஒண்ணோ ரெண்டோ ஏறியிருக்கும். எனாமல் மேல தின்னர் பட்டா பசையோட சேர்ந்து பெயின்டும் கஞ்சியா கரைஞ்சு வரும், அப்புறம் ஸ்டிக்கர் இருந்த இடமே தேவலைன்னு தோணும்.

கண்டுபிடிக்கிறது சுலபம். வெளிய தெரியாத இடமா பாத்து, முதல்ல காஞ்ச வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ங்க. வெயில்பட்ட ஜெல்கோட்ல சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டும், அது கணக்கில்ல. அந்தப் பொடியைத் தண்ணி விட்டுக் கழுவிட்டு, தின்னர் ரெண்டு சொட்டு பஞ்சுல நனைச்சு பத்து எண்ணுற வரைக்கும் தேய்ங்க. மேல்தோல் பிசுபிசுன்னு இளகி, கலர் பஞ்சுல ஏறினா எனாமல். ஒண்ணும் ஆகலைன்னா ஜெல்கோட், இல்லாட்டி ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற பியூ பெயின்ட். எங்கயாவது பொரிஞ்ச ஓரம் இருந்தா அங்க பாருங்க, எத்தனை அடுக்குன்னு மரத்து வளையம் மாதிரி தெரியும்.

பாத்துட்டு வந்து சொல்லுங்க, மிச்சத்தைப் பேசலாம்.

---

புதுவத்தை · ஏப்ரல் 22, இரவு 8:20

அண்ணாச்சி, நல்ல வேளை. பாத்தேன். அணியம் ரெண்டு பக்கமும் ஒண்ணும் ஆகல, பஞ்சு வெள்ளையாவே இருக்கு. ஆனா பின்னால எஞ்சின் மாட்டுற பலகைப் பக்கம் நீலம் அப்படியே பஞ்சுல ஏறிருச்சு. அங்க மட்டும் எப்பவோ ரிப்பேர் பாத்துப் பெயின்ட் அடிச்சிருக்காங்க போல. விக்கும்போது சொல்லல.

---

அலைமேல்நுரை · ஏப்ரல் 22, இரவு 8:34

யாருமே சொல்ல மாட்டாங்க பாஸ் 😄

---

மயிலிட்டி வள்ளம் (யாழ்ப்பாணம்) · ஏப்ரல் 22, இரவு 10:02

தம்பி, பின்பக்கத்துக்கு எண்ணெய்தான் சரி. எங்கட போட்டிலயும் உப்பிடித்தான் கிடந்தது. தேங்காயெண்ணெயைப் பழைய துணியில நல்லா ஊற வைச்சு, பசைக்கு மேல ஒட்டி, பொலித்தீனால மூடி ஒரு இரவு விட்டன். விடியப் பாத்தா பசை ஊறிப்போய்க் கிடக்கு, விரலால உருட்டவே வந்திட்டுது. பெயின்டுக்கு ஒண்டும் ஆகேல்லை.

அவசரமெண்டால் யூக்கலிப்டஸ் எண்ணெய், நீங்கள் நீலகிரித் தைலம் எண்டு சொல்லுறது. வேகமா இளக்கும். ஆனா அது கொஞ்சம் காரமானது, பெயின்டுக்கு மேல கனநேரம் விடாதேங்கோ. மண்ணெண்ணெயும் வேலை செய்யும், நாத்தம் போக ரெண்டு நாள் எடுக்கும்.

---

பட்டறைக்காரன் · ஏப்ரல் 23, காலை 6:50

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னது சரி. மஞ்சளாகி, பிசுக்கா நூல் நூலா இழுக்கிற பசை பெரும்பாலும் ரப்பர் சாதி. அது எண்ணெய்க்கு இளகும். பிள்ளைங்க ஆரஞ்சுத் தோலைப் பலூன் மேல பிழிஞ்சு வெடிக்க வைக்குமே, அதே சங்கதிதான். தோல்ல இருக்கிற எண்ணெய் ரப்பரை அரிச்சிரும். இன்னொரு சாதி அக்ரிலிக் பசை. கண்ணாடி மாதிரி நிறமில்லாம, இறுகிப் போய் இருக்கும். அது எண்ணெய்க்கு அவ்வளவா அசையாது, ஸ்பிரிட்டோ அசிட்டோனோ கேக்கும். ஒரே படகுல ரெண்டும் இருக்கும், ஏன்னா ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு கடையில ஒட்டியிருப்பாங்க.

ஆனா பசைக்கு முன்னால ஸ்டிக்கர் இருக்கே. அதுக்கு ஏதாவது ஊத்தப் பாக்காதீங்க, பிளாஸ்டிக் மேல ஊத்தினா உள்ள போகாது. ஸ்டிக்கருக்குத் தேவை சூடு. டவுன்ல ஹீட் கன் வச்சு எடுப்பான். அந்தச் சாமான் 500 டிகிரி வரைக்கும் போகும், ஒரே இடத்துல ரெண்டு மூச்சு நின்னாப் போதும், ஜெல்கோட் கொப்புளிச்சிரும். நமக்கு எதுக்கு அது? சித்திரை வெயில் சும்மா கிடக்கு. படகை ஸ்டிக்கர் இருக்கிற பக்கம் கிழக்கப் பாத்துத் திருப்பி வைங்க. பத்தரை, பதினொண்ணுக்குக் கையை வச்சா சுடணும், ஆனா எடுக்காம வச்சிருக்க முடியணும். அந்தப் பதத்துல உரிங்க. அடுத்த பக்கத்துக்கு மதியத்துக்கு மேல மேற்கு வெயில்.

பசை துடைக்கிறது இதுக்கு நேர் எதிர். வெயில்ல அசிட்டோனைத் தொட்டா துணி பசைக்குப் போறதுக்குள்ள ஆவியாயிரும், பசை இன்னும் பரவி இழுகிக்கிட்டு நிக்கும். அதை நிழல்ல, சாயங்காலம் பண்ணுங்க. உரிக்க வெயில், துடைக்க நிழல். இதை மாத்திச் செஞ்சுதான் முக்கால்வாசிப் பேர் நாள் பூரா போராடுறாங்க.

---

ரேடியம்கட்டிங் (நாகர்கோவில்) · ஏப்ரல் 23, மதியம் 1:15

ஸ்டிக்கர் கடைக்காரன் சார்பா ரெண்டு வார்த்தை. ஒட்டுறவனுக்குத்தான் உரிக்கத் தெரியும்.

வினைல் புதுசுல ரப்பர் மாதிரி வளையக் காரணம் அதுல கலந்திருக்கிற, இளக்கம் குடுக்கிற சத்து. வெயில்ல வருஷக் கணக்கா அது வெளியேறிரும். மிச்சம் இருக்கிறது வெறும் சருகு, அதான் துணுக்காகுது. சூடு காட்டினா கொஞ்ச நேரத்துக்கு இளக்கம் திரும்ப வரும். அப்ப மூலையைக் கிளப்பி, தன் மேலயே மடக்கி, படகு உடம்போட ஒட்டினாப்ல இழுக்கணும். மேல் நோக்கி வெடுக்குனு இழுத்தா பிஞ்சிரும். அவசரப்படாதீங்க, ஒரு சாணுக்கு அரை நிமிஷம் ஆகட்டும்.

கிளப்புறதுக்குக் கத்தி வேணாம். காலாவதியான ஏடிஎம் கார்டு நல்ல ஆயுதம். ஓரம் மழுங்கினா கத்திரியால ஒரு வெட்டு, மறுபடி கூரு.

அண்ணே "ரேடியம் எழுத்து"ன்னு சொன்னதுதான் கவலையா இருக்கு. லைட் அடிச்சா பளீர்னு மினுங்குற வகையா? அது ஒரே தாள் இல்ல. மேல பிளாஸ்டிக், நடுவுல மினுங்குற அடுக்கு, கீழ பசைன்னு அடுக்கடுக்கா இருக்கும். பழசானா மேல் தோல் மட்டும் உரிஞ்சு வந்து, வெள்ளி நிறத்துல ஒரு படலம் அப்படியே உக்காந்திருக்கும். ஆனா அதுல ஒரு லாபம். மேல் தோல் போயிருச்சுன்னா கீழ இருக்கிறது எண்ணெயை உறிஞ்சும். துணி ஊற வைக்கிற வைத்தியம் அங்கதான் நல்லா பிடிக்கும்.

---

கரைவலை (கடலூர்) · ஏப்ரல் 23, மாலை 5:40

இவ்வளவு எதுக்கு? பெட்ரோல் போட்டுத் துடைச்சா போயிடும். நாங்க காலங்காலமா அதான் பண்றோம்.

---

சிங்கைத்துறை (சிங்கப்பூர்) · ஏப்ரல் 23, இரவு 9:05

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. 11 வருஷமா கப்பல் பட்டறையில பெயின்டிங் பிரிவுல வேலை. பெட்ரோல் துணியோட ஒருத்தன் நின்னான்னா எங்க சூப்பர்வைசர் அன்னைக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பிருவார். பெட்ரோல், அசிட்டோன் ரெண்டோட ஆவியும் காத்தை விட கனம், மேல போகாது. படகோட அடித்தளத்துல, பலகைக்குக் கீழ தேங்கி நிக்கும். அசிட்டோன் மைனஸ் 20 டிகிரியிலயே தீப்பிடிக்கிற அளவு ஆவி விடும். பக்கத்துல பீடி பத்த வச்சாலோ பேட்டரி வயர் பொறி தட்டினாலோ போச்சு. எரிபொருள் டேங்கை இறக்கி வச்சிட்டு, பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் இந்த வேலையைத் தொடணும்.

பெட்ரோல்ல இன்னொரு குறை, அதுல கலர் கலந்திருக்கும், பழைய ஜெல்கோட்ல கறையா ஊறிரும். அசிட்டோன் ஜெல்கோட்டுக்குப் பரவாயில்லை. பட்டறைக்காரங்க அதுலதானே ரோலர் கழுவுறாங்க. ஆனா தொட்டுத் துடைச்சு எடுக்கிறதோட சரி. துணியை அது மேல ஊற விட்டா பளபளப்பு செத்துடும்.

முக்கியமா, அசிட்டோனை எஞ்சின் மூடி மேல கொண்டு போகாதீங்க, அங்க இருக்கிறது பெயின்ட். முன்னால காத்துத் தடுப்புக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி இருந்தா அதுக்கும் காட்டாதீங்க. நரம்பு நரம்பா வெடிச்சிடும். அங்கெல்லாம் ஸ்டிக்கர் இருந்தா சோப்புத் தண்ணி, தேங்காயெண்ணெய், பொறுமை.

கையுறை: மெல்லிசான டாக்டர் கையுறை அசிட்டோனுக்கு நிக்காது, சீக்கிரமே ஊடுருவிடும். வீட்டு வேலைக்கு விக்கிற தடிச்ச ரப்பர் கையுறை பரவாயில்லை, அப்பப்ப மாத்துங்க.

---

பட்டறைக்காரன் · ஏப்ரல் 23, இரவு 9:50

தம்பி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. தெர்மாகோல்.

நம்ம பக்கத்து பைபர் படகுல மிதக்கிறதுக்காக அணியத்துலயும் ஓரப் பெட்டியிலயும் தெர்மாகோல் வச்சு மூடியிருப்பாங்க. ஐஸ் பெட்டிக்குள்ளயும் அதுதான். அசிட்டோனோ பெட்ரோலோ பட்டா தெர்மாகோல் உருகி இருந்த இடம் தெரியாமப் போயிரும். பட்டறையில புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் டீ குடிச்ச தெர்மாகோல் கப்புல அசிட்டோன் மோந்தான். கையில கப்போட விளிம்பு மட்டும் இருந்துச்சு, அசிட்டோன் பூரா அவன் கால்ல. சிரிச்சோம். ஆனா அடுத்த வருஷமே ஒரு படகு வந்துச்சு, அணியத்துல போல்ட் ஓட்டை வழியா பெட்ரோல் உள்ள வடிஞ்சு, பெட்டியில பாதி காலி. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. தட்டினா பறை மாதிரி சத்தம்.

அதனால "கடல்ராணி" பக்கத்துல போல்ட், ஆணி ஓட்டை, வெடிப்பு ஏதாவது இருக்கான்னு பாத்து டேப் ஒட்டி மூடுங்க. ஊத்தாதீங்க. துணியில நனைச்சு மட்டும் துடைங்க.

---

கரைவலை · ஏப்ரல் 24, காலை 6:15

சரி அண்ணே, பெட்ரோல் பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க படகையும் ஒருக்கா தட்டிப் பாக்கணும் போல.

---

அலைமேல்நுரை · ஏப்ரல் 24, காலை 8:00

கொரோனா காலத்து சானிடைசர் வீட்டுல நாலு பாட்டில் கிடக்கு. அது ஆகுமா? சீரியஸாத்தான் கேக்கிறேன்.

---

சிங்கைத்துறை · ஏப்ரல் 24, காலை 8:40

நல்லாவே ஆகும். அதுல இருக்கிறது ஆல்கஹால், ஜெல்கோட்டுக்குத் தொந்தரவு இல்ல. ஜெல் வகையா இருந்தா இன்னும் நல்லது, வழியாம நிக்கும், சீக்கிரம் ஆவியாகாது. தடவி ரெண்டு நிமிஷம் விட்டு, கார்டால வழிச்சு எடுங்க. மெல்லிசான பசைக்குப் போதும். தடிச்ச பசைக்கு நாலு பாட்டிலும் பத்தாது.

அப்புறம் டிரில் மெஷின்ல மாட்டுற ரப்பர் சக்கரம்னு ஒண்ணு இருக்கு. கார் பெயின்ட் சாமான் கடையில கேட்டுப் பாருங்க. பென்சில் எழுத்தை ரப்பர் அழிக்கிற மாதிரி ஸ்டிக்கரையும் பசையையும் சேத்து உருட்டி எடுத்துடும். 28 அடிக்கு ரெண்டு கோடு இருக்குன்னா உங்களுக்கு அதுதான் லாயக்கு. டிரில்ல மட்டும் மாட்டுங்க. கிரைண்டர் நிமிஷத்துக்கு 10,000 சுத்துக்கு மேல போகும், சக்கரமே பிச்சுக்கிட்டு மூஞ்சில அடிக்கும். ஒரே இடத்துல நிறுத்தாம நகத்திக்கிட்டே இருங்க. பெயின்ட் அடிச்ச பின்பக்கத்துக்கு வேணாம்.

---

புதுவத்தை · ஏப்ரல் 26, இரவு 9:30

ரெண்டு நாள் கதை.

நேத்துக் காலையில படகைத் திருப்பி வச்சு பதினொரு மணிக்கு ஆரம்பிச்சேன். சிவப்புக் கோடு, நம்ப மாட்டீங்க, ஒரே இழுவையில நாலு அடி வந்துச்சு. அன்னைக்கு நகத்தால சொரண்டினதும் இதே ஸ்டிக்கர்தான்! எஞ்சின் கம்பெனி ஸ்டிக்கரும் அப்படியே. நடிகர் மட்டும் அடம் பிடிச்சார், முகம் தனியா சட்டை தனியா வந்தார்.

"கடல்ராணி" ரேடியம்கட்டிங் அண்ணன் சொன்ன மாதிரியே. மேல் தோல் உரிஞ்சு, வெள்ளிப் படலம் எழுத்து வடிவத்துலயே உக்காந்திருக்கு.

இதுல ஒரு தப்புப் பண்ணிட்டேன். கோடு எல்லாம் உரிச்சு முடிக்கும்போது ரெண்டு மணி. பசையை சாயங்காலம் துடைக்கலாம்னு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டேன். நாலரைக்கு வந்து பாத்தா கடக்காத்து மணலை அள்ளிப் பசை மேல பூசி வச்சிருக்கு. 28 அடி நீளத்துக்கு உப்புத்தாள்! தெரியாம ஒரு இடத்துல துணியை வச்சுத் தேச்சுட்டேன், கீறல் கீறலா விழுந்திருச்சு.

---

பட்டறைக்காரன் · ஏப்ரல் 26, இரவு 10:10

ஐயோ. அதை நான் சொல்லியிருக்கணும், கரையில வேலை பாக்குற எல்லாருக்கும் தெரியும்னு விட்டுட்டேன். எங்க பட்டறைக்குக் கூரை இருக்கு, அதுதான் மறந்துருச்சு.

மணல் ஒட்டின பசையைத் தேய்க்கவே கூடாது. தேங்காயெண்ணெயைத் தாராளமா தடவி அரை மணி நேரம் விடுங்க. பசை இளகி மணலை விட்டுரும். அப்புறம் கார்டால ஒரே திசையில வழிச்சு எடுங்க, ஒவ்வொரு இழுப்புக்கும் கார்டைத் துடைங்க. முன்னும் பின்னும் தேய்ச்சா திரும்பவும் கீறும். இனிமே உரிச்ச கையோட பழைய வேட்டியைக் கட்டி மூடிருங்க. இல்லாட்டி ஒரு நாளைக்குப் பத்தடி மட்டும் உரிச்சு அன்னைக்கே முடிங்க.

கீறலுக்குக் கவலை வேணாம், கடைசியில எப்படியும் தேய்க்கத்தான் போறோம்.

ஸ்டீல் நாரை மட்டும் எடுத்துறாதீங்க. அதுல இருந்து உதிர்ற இரும்புத் துகள் ஜெல்கோட்ல குத்திக்கிட்டு, உப்புக் காத்துல மூணே நாள்ல துருப்பொட்டா எழும்பும்.

---

மயிலிட்டி வள்ளம் · ஏப்ரல் 26, இரவு 10:45

உரிச்ச துணுக்குகளைப் பொறுக்கிச் சாக்கில போடுங்கோ தம்பி. அதுவும் பிளாஸ்டிக்தான், காத்துக்குக் கடலுக்கை போனா மீன்ரை வயித்துக்கைதான் போகும். எண்ணெய்த் துணியையும் மணலுக்கை புதைக்காதேங்கோ.

ஒண்டு கேக்கவேணும். அந்தோணியார் படத்தை என்ன செய்தனீங்கள்?

---

புதுவத்தை · ஏப்ரல் 27, காலை 6:30

அதை இன்னும் தொடல அண்ணே. படம் வெளுத்துப் போய் முகமே தெரியல, கையில இருக்கிற குழந்தை மட்டும் தெரியுது. எடுக்கலாமான்னு கேட்டதுக்கு அம்மா ஒரு பார்வை பாத்தாங்க, அதோட விட்டுட்டேன்.

---

அலைமேல்நுரை · ஏப்ரல் 27, காலை 7:05

ஸ்டிக்கர் தானே பாஸ், புதுசா ஒண்ணு வாங்கி ஒட்டிரலாமே.

---

கரைவலை · ஏப்ரல் 27, காலை 7:20

கரையில உக்காந்திருக்கிறவனுக்கு அது ஸ்டிக்கர்.

---

ரேடியம்கட்டிங் · ஏப்ரல் 27, காலை 9:00

எங்க கடைக்கு இது வாரத்துக்கு ஒருக்கா வரும். பழைய மாதா படத்தை என்ன பண்ணன்னு. சிலர் அது மேலயே புதுசை ஒட்டச் சொல்வாங்க. அது நிக்காது அண்ணே, அடியில இருக்கிறது பொரிஞ்சா மேல இருக்கிறதையும் சேத்து இழுத்துட்டு வந்துரும். எடுத்துத்தான் ஆகணும்னா முழுசா எடுத்து, கிழிக்காம, கண்ட இடத்துல போடாம கோயில்ல கேட்டுச் செய்வாங்க. எங்க பக்கம் சிலர் கடல்லயே விடுவாங்க. அதுவும் பிளாஸ்டிக்தானேன்னு யாழ்ப்பாணத்து அண்ணன் திட்டுவார்.

---

மயிலிட்டி வள்ளம் · ஏப்ரல் 27, காலை 9:25

திட்டமாட்டன். ஆனா கடலிலை விடாதேங்கோ. 🙂

---

புதுவத்தை · ஏப்ரல் 29, இரவு 8:50

கோடு, பின்பக்கம் எல்லாம் முடிஞ்சது. பின்பக்கப் பெயின்டுக்குத் தேங்காயெண்ணெய் மட்டும்தான் போட்டேன், ஒரு பொட்டு நீலம்கூட வரல. வெள்ளிப் படலத்துக்கு நீலகிரித் தைலம் ஊற வச்சு, அப்புறம் ரப்பர் சக்கரம். தெருவே தைல வாசனை. பக்கத்து வீட்டுப் பாட்டி யாருக்குச் சளின்னு கேட்டு வந்துட்டாங்க.

இப்பப் புதுப் பிரச்சினை. ஸ்டிக்கரும் போச்சு, பசையும் போச்சு, கையால தடவினா வழவழன்னு இருக்கு. ஆனா பேர் போகல! "கடல்ராணி" அப்படியே தெரியுது. சுத்தி வெளுத்த நீலம், எழுத்து இருந்த இடம் மட்டும் கரு நீலம். ஸ்டிக்கர் இருந்தப்போ கூட இவ்வளவு தெளிவா இல்ல.

---

பட்டறைக்காரன் · ஏப்ரல் 29, இரவு 9:40

அது கறை இல்ல தம்பி. அதுதான் உங்க படகோட உண்மையான கலர். ஒன்பது வருஷம் எழுத்து குடை பிடிச்சிருக்கு. சுத்தி இருக்கிறதுதான் வெயில்ல வெளுத்து மாவு பூத்துப் போச்சு. அதனால எழுத்தைத் தேய்ச்சுப் பிரயோஜனம் இல்ல, சுத்தி இருக்கிறதைத் தேய்க்கணும்.

ஆனா தேய்க்கிறதுக்கு முன்னாடி எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. எண்ணெயோட தேய்ச்சா அதை உள்ளயே அழுத்தி விட்ட மாதிரி ஆகும், பெயின்ட் அங்க ஒட்டாம ஒதுங்கிக் குழி குழியா நிக்கும். பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு ரெண்டு தரம் கழுவி, காஞ்சதும் ஸ்பிரிட்டால ஒரு துடைப்பு. அப்புறம் நல்ல தண்ணியை ஒரு சொம்பு ஊத்திப் பாருங்க. கண்ணாடி விரிச்ச மாதிரி தண்ணி பரவி நின்னா சுத்தம். வாழை இலையில விழுந்த மாதிரி முத்து முத்தா உருண்டா எண்ணெய் இருக்கு, திரும்பக் கழுவுங்க.

அடுத்தது 1000 நம்பர் உப்புத்தாள், தண்ணி விட்டு, கட்டைல சுத்தி, லேசா. வழியிற தண்ணி நீலமா வரும், பயப்படாதீங்க. அது மேல 1500, அப்புறம் ரப்பிங் காம்பவுண்டு, கடைசியா மெழுகு. புதுப் பேர் எழுதுற இடத்துல மட்டும் மெழுகு போடாதீங்க, 1000-த்தோட நிறுத்திருங்க, பெயின்டருக்குப் பிடிமானம் வேணும். அரை மில்லிதான் இருக்குங்கிறதை மறக்காதீங்க. நிறம் சீரா வரலைன்னு விடாம தேய்ச்சா உள்ள இருக்கிற இழை எட்டிப் பாக்கும், அப்புறம் தண்ணி குடிக்க ஆரம்பிச்சிரும்.

நேர்மையா சொன்னா, நீலம் முழுசா சமமாகாது. வெள்ளைப் படகா இருந்தா மறைஞ்சிரும். நீலம், சிவப்பு எல்லாம் ஆழம் வரைக்கும் வெளுத்திருக்கும். முக்கால்வாசி மறையும், மிச்சத்தை அடுத்த ரெண்டு மூணு வெயில் பாத்துக்கும்.

பதிவெண் பக்கம் உப்புத்தாளைக் கொண்டு போயிராதீங்க. அதை அழிச்சிட்டுக் கடலுக்குப் போனா ரோந்துக்காரங்க நிறுத்திக் கேள்வி கேப்பாங்க. பேர் மாத்துறதுக்கும் ஆர்.சி. மாத்துறதுக்கும் மீன்வளத் துறை ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாச்சா?

---

புதுவத்தை · ஏப்ரல் 29, இரவு 10:00

குடுத்தாச்சு அண்ணாச்சி, வாங்கின வாரமே. எண்ணுக்கு மேல அட்டை வச்சு டேப் ஒட்டிட்டேன்.

---

புதுவத்தை · மே 3, இரவு 7:45

முடிஞ்சது. நேத்துப் பெயின்டர் வந்து விரலால தடவிப் பாத்து "ம்" னார். அவர் வாயில இருந்து அதுக்கு மேல வராதுன்னு சொன்னாங்க. மகள் பேர் எழுதியாச்சு, வெள்ளையில மஞ்சள் ஓரம்.

காஞ்சிருக்கும்போது பழைய பேர் தெரியல. இன்னைக்குக் காலையில இறக்கினோம். அலை ஒண்ணு அணியத்துல அடிச்சு நனைஞ்சதும், மகள் பேருக்குப் பின்னால "ராணி" மட்டும் மெல்லமா எட்டிப் பாத்துச்சு. காஞ்சதும் மறைஞ்சிருச்சு. மகள் பாத்துட்டு "அப்பா, எனக்குப் பட்டம் குடுத்திருக்காங்க"ங்கிறா. கரையில இருக்கிறவங்க இன்னும் "ஏல, கடல்ராணியை இறக்கிட்டான்"னுதான் சொல்றாங்க.

அந்தோணியாரை எடுக்கல. சுத்தி மட்டும் துடைச்சு, ஓரம் கிளம்பியிருந்த இடத்துல சூடு காட்டித் திரும்ப ஒட்ட வச்சேன். அம்மா ஒண்ணும் சொல்லல, இன்னைக்குக் குழம்புல ஒரு துண்டு கூட இருந்துச்சு.

செலவு: தேங்காயெண்ணெய் ஒரு லிட்டர், நீலகிரித் தைலம் மூணு பாட்டில், ரப்பர் சக்கரம் ஒண்ணு, அசிட்டோன் கால் லிட்டர் வாங்கி பாதி மிச்சம். ஏடிஎம் கார்டு ரெண்டு. அதுல ஒண்ணு காலாவதி ஆகலன்னு நேத்து பேங்குக்குப் போனப்பதான் தெரிஞ்சுது.

---

அலைமேல்நுரை · மே 3, இரவு 8:02

😂😂 படம் போடுங்க பாஸ். படகு படம், கார்டு படம் ரெண்டும்.

---

கரைவலை · மே 3, இரவு 8:30

எங்க படகைத் தட்டிப் பாத்தேன் பட்டறைக்காரன் அண்ணே. வலது பக்கம் ஒரு முழத்துக்குச் சத்தம் மாறுது. எங்க ஓட்டை போட்டு உள்ள பாக்கிறது? இதுக்குத் தனியா ஒரு தலைப்பு ஆரம்பிக்கட்டுமா?

---

பட்டறைக்காரன் · மே 3, இரவு 8:41

ஆரம்பிங்க. தட்டுற சத்தத்தை ஃபோன்ல பதிவு பண்ணிப் போடுங்க. ஓட்டை இப்பவே போட்டுறாதீங்க.